நான் கேட்ட மூன்று கச்சேரிகள்

(நன்கொடையாளர்கள் ஒன்றுகூடிய மாலை நிகழ்வில் ஆலயத் தொண்டர் ஒருவர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

 

"உங்கள் வாழ்நாளில் நேரில் கேட்ட கச்சேரிகளில் சிறந்தவற்றைப் பற்றிச் சொல்லுங்கள்" என்று அன்பர்கள் எனக்குத் தலைப்புத் தந்தார்கள். எழுபத்தைந்து வயதைக் கடந்த ஒருவனிடம் இப்படி ஒரு தலைப்பைக் கொடுப்பது ஆபத்து. விடிய விடியப் பேசுவான். ஆகவே நானே எனக்கு ஓர் எல்லை வகுத்துக்கொண்டேன். மூன்றே மூன்று கச்சேரிகள். முதலாவது தெருவில் கேட்டது. இரண்டாவது ஆற்றங்கரையில் கேட்டது. மூன்றாவது, ஏறக்குறைய யாருமே இல்லாத ஒரு கோயிலில் கேட்டது. இந்த மூன்றாவதைச் சொல்வதற்காகத்தான் இந்த அழைப்பை ஏற்றுக்கொண்டேன். அதில் என் தவறு ஒன்று இருக்கிறது. அதை இத்தனை ஆண்டுகளில் எந்த மேடையிலும் நான் சொன்னதில்லை.

பெயர் பெற்ற வித்துவான்களின் கச்சேரிகளை இந்தப் பட்டியலில் நான் சேர்க்கவில்லையே என்று நீங்கள் நினைக்கலாம். சபா மேடைகளில் நல்ல கச்சேரிகள் பல கேட்டிருக்கிறேன். ஆனால் கேட்டு மகிழ்வது வேறு. கேட்டபின் மனிதன் மாறிப்போவது வேறு. இந்த மூன்றும் இரண்டாம் வகையைச் சேர்ந்தவை.

வெள்ளி ரதம் திரும்பிய இரவு

நாடு விடுதலை பெற்றது 1957-இல். அதற்கு அடுத்து வந்த முதல் தைப்பூசம் 1958-இல். அப்போது எனக்கு ஒன்பது வயது. என் தகப்பனார் துறைமுகத்தில் மூட்டை தூக்கிய தொழிலாளி. குவீன் வீதி மகா மாரியம்மன் ஆலயத்திற்கு நடந்து போகும் தூரத்தில் ஒரே அறையில் நாங்கள் ஐந்து பேர் குடியிருந்தோம். அந்த ஆலயம் 1833-ஆம் ஆண்டிலிருந்து இந்நகரத்துத் தமிழர்களுக்கு நிழல் தந்து வருவது என்பதை உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

தைப்பூசத்திற்கு முதல் நாள் காலையில் பினாங்கு வீதியிலுள்ள நகரத்தார் கோயில் வீட்டிலிருந்து முருகப் பெருமான் வெள்ளி ரதத்தில் புறப்பட்டுத் தண்ணீர்மலை அடிவாரத்திலுள்ள செட்டியார் கோயிலுக்கு எழுந்தருள்வார். பூசம் முடிந்த மறுநாள் மாலை அங்கிருந்து புறப்பட்டு இரவெல்லாம் நகரைச் சுற்றித் தம் இருப்பிடம் திரும்புவார். காரைக்குடியில் செய்து 1894-இல் கப்பலில் கொண்டுவந்த ரதம் அது. போகும் ரதத்தைப் பார்க்க ஊரே கூடும். திரும்பும் ரதத்தைப் பார்ப்பவர்கள் குறைவு. என் தகப்பனார் திரும்பும் ரதத்திற்குத்தான் என்னை அழைத்துப் போவார். "போகும்போது எல்லாரும் சாமியைப் பார்ப்பாங்க. திரும்பும்போதுதான்டா சாமி நம்மைப் பார்ப்பார்" என்பார்.

அன்றிரவு பினாங்கு வீதியில் கடைகளின் முன்னாலுள்ள ஐந்தடி நடைவழியில் ஒரு சாக்கை விரித்து என்னைப் படுக்க வைத்தார். மணி இரண்டோ மூன்றோ இருக்கும். தூரத்தில் ஒரு நாதசுர ஒலி கேட்டது. நான் எழுந்து உட்கார்ந்தேன். தகப்பனார் என் தோளைத் தொட்டு, "அசையாதே, கேளு" என்றார்.

காளைகள் பூட்டிய ரதம் மெல்ல வந்தது. வீட்டுக்கு வீடு அர்ச்சனைத் தட்டு, வீட்டுக்கு வீடு தேங்காய். ரதம் நின்று நின்று வர, அந்த நாதசுரக்காரரும் நின்று நின்று வந்தார். தமிழ்நாட்டிலிருந்து வந்திருந்தவர் என்று சொன்னார்கள். பெயர் எனக்குத் தெரியாது. ரதம் நகரும்போது அவர் வாசிப்பு நடந்தது. ரதம் நின்றபோது அதுவும் ஓரிடத்தில் நின்று சுழன்றது. ஒரு கடை வாசலில் கற்பூரத் தட்டைக் கொண்டுவர ஒரு பாட்டியம்மாள் தாமதித்தார். அந்தத் தாமதம் முழுவதையும் அவர் ஒரே ஒரு சுரத்தின்மேல் ஏந்திக்கொண்டு நின்றார். பாட்டி வந்து, ஆரத்தி முடிந்து, காளை ஓர் அடி எடுத்து வைத்த அதே கணத்தில் தவில் விழுந்தது. தெருவிலிருந்த அத்தனை பேரும் "ஆ!" என்றார்கள். சீனர் கடையில் கணக்கு எழுதிக்கொண்டிருந்த ஒரு முதியவரும் எழுந்து வாசலுக்கு வந்து நின்றதை நான் பார்த்தேன்.

பின்னாளில்தான் அதன் இலக்கணத்தைக் கேட்டுத் தெரிந்துகொண்டேன். சுவாமி புறப்பாட்டுக்கு மல்லாரி. அது பெரும்பாலும் கம்பீர நாட்டை இராகத்தில் அமைவது. அதற்குச் சொற்கள் கிடையா. வீதியில் விரிவான இராக ஆலாபனை. மலையேறும்போது காவடிச்சிந்து. சுவாமி திரும்பி ஊஞ்சலுக்கும் பள்ளியறைக்கும் போகும்போது நீலாம்பரி போன்ற தாலாட்டும் இராகங்கள். இந்த வரிசையை அறிந்தவர், கண்ணை மூடிக்கொண்டே இப்போது சுவாமி எங்கே இருக்கிறார் என்று சொல்லிவிடலாம். நாதசுரம் வெறும் பின்னணி ஓசையன்று. கடவுள் எங்கே நடந்து போகிறார் என்று ஊருக்கு அறிவிக்கும் குரல் அது.

கோயில் வீட்டின் வாசலில் ரதம் நின்றபோது நீலாம்பரி ஒலித்ததாக என் நினைவு. நான் தூங்கிவிடவில்லை. ஆனால் தூங்குகிற பிள்ளைக்குக் கிடைக்கும் நிம்மதி அன்று எனக்குக் கிடைத்தது. கட்டணம் இல்லை, நாற்காலி இல்லை, ஒலிபெருக்கி இல்லை. அதுவே நான் கேட்ட முதல் கச்சேரி.

அந்த நாளில் நாதசுரம் என்றால் எல்லோரும் சொல்லும் பெயர் திருவாவடுதுறை டி. என். இராஜரத்தினம் பிள்ளை அவர்கள். 1898-இல் பிறந்து 1956-இல் மறைந்த மேதை. முன்பு வழக்கிலிருந்த குட்டையான, உச்சச் சுருதி கொண்ட திமிரி நாதசுரத்திற்குப் பதிலாக நீண்ட, கனத்த நாதமுடைய பாரி நாதசுரத்தை நிலைநிறுத்தியவர் அவரே. அவருடைய தோடி இசைத்தட்டைத் துறைமுகத் தொழிலாளர்கள் காப்பிக்கடையில் காசு போட்டுக் கேட்பார்களாம். அவருடைய சீடர் காருகுறிச்சி அருணாசலம் அவர்களை 1962-இல் வெளிவந்த 'கொஞ்சும் சலங்கை' படத்தின் வாயிலாக உலகமே கேட்டது. அந்தத் தட்டுகளை நானும் பலமுறை கேட்டிருக்கிறேன். மேதைகளின் இசைதான், ஐயமில்லை. ஆனால் தட்டில் இருக்கும் இசைக்குப் பாட்டியம்மாளின் கற்பூரத் தட்டு தெரியாது. அது யாருக்காகவும் காத்திராது. இந்த வேறுபாட்டை நீங்கள் மனத்தில் வைத்துக்கொள்ள வேண்டுகிறேன்.

காவிரிக் கரையில்

இரண்டாவது கச்சேரி 1983-ஆம் ஆண்டு. என் தகப்பனாருக்கு அறுபத்தெட்டு வயது. இருமல் முற்றியிருந்தது. திருவையாற்றுப் பக்கம் ஒரு சிற்றூரில் பிறந்தவர். இருபது வயதில் கப்பலேறியவர், ஒருமுறைகூட ஊர் திரும்பியதில்லை. ஒரு நாள், "ஆராதனைக்கு ஒரு தடவை போகணும்டா" என்றார். அவர் என்னிடம் வாய்விட்டுக் கேட்டது அது ஒன்றுதான்.

அப்போது எம்.வி. சிதம்பரம் கப்பல் ஓடிக்கொண்டிருந்தது. இங்குள்ள முதியவர்கள் பலர் அதில் பயணம் செய்திருப்பீர்கள். பின்னர் தீ விபத்துக்கு உள்ளாகி அதன் பயணிகள் சேவை முடிவுக்கு வந்தது. அந்தக் கப்பலில் போய், நாகப்பட்டினத்தில் இறங்கி, தஞ்சாவூர் வந்து, அங்கிருந்து பேருந்தில் திருவையாறு சேர்ந்தோம். அது ஏறத்தாழ 13 கிலோமீட்டர்.

தியாகராஜ சுவாமிகள் 1767-இல் பிறந்து 1847-இல் சித்தியடைந்தவர். அவர் சமாதியடைந்த புஷ்ய பகுள பஞ்சமித் திதியில் ஆண்டுதோறும் ஆராதனை நடைபெறுகிறது. காலையில் அவர் வாழ்ந்த திருமஞ்சன வீதி இல்லத்திலிருந்து உஞ்சவிருத்தி பஜனை புறப்பட்டுக் காவிரிக் கரையிலுள்ள சமாதியை அடையும். பந்தலில் முதலில் நாதசுர மங்கல இசை. அதன்பின் நாட்டை, கௌளை, ஆரபி, வராளி, ஸ்ரீ என்னும் ஐந்து இராகங்களில் அமைந்த பஞ்சரத்தினக் கீர்த்தனைகளை நூற்றுக்கணக்கான இசைவாணர்கள் ஒருசேரப் பாடுகிறார்கள்.

முன்வரிசையில் பெரிய பெரிய வித்துவான்கள். அவர்களுக்குப் பின்னால் இசை ஆசிரியர்கள், மாணவர்கள், மாமிமார்கள், கிராமத்து மக்கள். எல்லோரும் தரையில்தான். அங்கே யார் பாடகர், யார் இரசிகர் என்று பிரிக்க முடியவில்லை. கூட்டத்தின் ஓரத்தில் என் தகப்பனார். அவருக்குத் தெலுங்கும் தெரியாது, வடமொழியும் தெரியாது, எழுதப் படிக்கவே தெரியாது. ஆனால் வராளி வந்தபோது அவர் வாய் அசைவதைப் பார்த்தேன். சொற்கள் இல்லை, சுரத்தின் வழியே மட்டும் போய்க்கொண்டிருந்தார். சின்ன வயதில் மாடு மேய்த்துக்கொண்டு பந்தலுக்கு வெளியே நின்று கேட்டதாம். நாற்பத்தெட்டு ஆண்டுகள் மூட்டை தூக்கிய முதுகுக்குள் அந்த வராளி அழியாமல் கிடந்திருக்கிறது! ஸ்ரீ இராகம் முடிந்து தீபாராதனை காட்டியபோது அவர் அழுதார். தகப்பனார் அழுது நான் பார்த்தது அந்த ஒரு தடவைதான்.

நன்கொடையாளப் பெருமக்களே! அந்தச் சமாதிக் கோயிலைக் கட்டியவர் யார் என்று அன்று மாலை ஒரு பெரியவர் எங்களுக்குச் சொன்னார். ஓர் அரசரன்று, செல்வந்தர் குடும்பமுமன்று. பெங்களூர் நாகரத்தினம்மாள் என்னும் பாடகி. தேவதாசி மரபில் வந்தவர். தம் வாழ்நாள் சம்பாத்தியத்தையும் நகைகளையும் கொண்டு, கவனிப்பாரற்றுக் கிடந்த சமாதியைச் சூழ்ந்த இடத்தை வாங்கிக் கோயில் எழுப்பி, 1925-இல் குடமுழுக்குச் செய்தவர் அவர். அப்படிக் கட்டியவருக்கே அங்கே நடந்த ஆராதனையில் பாடுவதற்கு அன்று அனுமதியில்லை. பெண்கள் பாடக் கூடாது என்றார்கள். அந்த அம்மையார் கோபித்துக்கொண்டு போய்விடவில்லை. பெண்களைத் திரட்டித் தனியாக ஆராதனை நடத்தினார். 1940-ஐ ஒட்டிப் பிரிந்திருந்த குழுக்கள் ஒன்றாகிப் பெண்களும் சேர்ந்து பாடும் நிலை வந்தது. 1952-இல் மறைந்த அவருடைய நினைவிடம் சுவாமிகளின் சந்நிதியை நோக்கியபடி அமைந்திருக்கிறது. என் தகப்பனாரைப் போன்றவர்கள் அழுது தீர்க்க ஓர் இடம் அங்கே இருக்கிறதென்றால், அது அந்த அம்மையாரின் கொடை.

ஊர் திரும்பிய ஏழாம் மாதம் தகப்பனார் இறைவனடி சேர்ந்தார்.

ஆறு பேர் கேட்ட கச்சேரி

இனி மூன்றாவது.

1990-களின் நடுவில் நான் ஓர் ஆலயத்தின் பொருளாளராக இருந்தேன். எந்த ஆலயம் என்பது வேண்டாம். தவறு என்னுடையது; ஆலயத்தினுடையதன்று. ராஜகோபுரத் திருப்பணிக்குப் பணம் திரட்டிக்கொண்டிருந்த காலம். ஒவ்வொரு வெள்ளியையும் எண்ணி எண்ணிச் செலவு செய்தோம். அங்கே நாதசுரம் வாசித்த பெரியவர் ஒருவர் இருந்தார். 1950-களில் கும்பகோணம் பக்கத்திலிருந்து வந்தவர். அவருடன் தவில் வாசிக்க அவருடைய தம்பி மகன். இருவருக்கும் சேர்த்து மாதம் அறுநூறு வெள்ளி கொடுத்து வந்தோம்.

அந்த நாளில்தான் மின்சார மணி-முரசு இயந்திரம் பிரபலமாயிற்று. விசையைத் தட்டினால் முரசு அடிக்கும், மணி அடிக்கும், தாளம் அடிக்கும். நாதசுரத்திற்கோ ஒலிநாடா இருக்கிறது. நிர்வாகக் கூட்டத்தில் நான்தான் எழுந்து கணக்குச் சொன்னேன். "இயந்திரத்திற்கு ஒரே தடவைச் செலவு. இவர்களுக்கு ஆண்டுக்கு ஏழாயிரத்து இருநூறு வெள்ளி. திருவிழாவிற்கு மட்டும் வெளியிலிருந்து மேளம் பிடித்துக்கொள்ளலாம்" என்றேன். கணக்குச் சரியாகத்தான் இருந்தது. ஒருவரும் மறுக்கவில்லை. தீர்மானம் நிறைவேறியது.

மாதக் கடைசி, ஒரு செவ்வாய்க்கிழமை மாலை. கடைசிச் சம்பளத்தை உறையில் போட்டு எடுத்துக்கொண்டு போனேன். மழை பெய்துகொண்டிருந்தது. கோயிலில் குருக்கள், பூக்கட்டும் அம்மாள், காவலாளி, பள்ளிச் சீருடையில் ஒரு பெண்பிள்ளை, அவளுடைய பாட்டி, நான். மொத்தம் ஆறு பேர். பெரியவர் வழக்கம்போல் குளித்து, திருநீறு பூசி, வெள்ளை வேட்டியில் உட்கார்ந்திருந்தார். சீவாளியை வாயில் வைத்து ஈரப்படுத்திக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்துக் கைகூப்பினார். நான் உறையை நீட்டினேன். "பூசை முடியட்டும் ஐயா" என்றார்.

திரை போட்டு அலங்காரம் நடந்துகொண்டிருந்தது. அவர் தொடங்கினார். தோடி. முதலில் கீழே, மிகவும் கீழே, மழைச் சத்தத்திற்குள் ஒளிந்துகொண்டிருந்தது. பிறகு ஒவ்வொரு படியாக ஏறியது. கடைசி நாள் என்பதற்காக அவர் வித்தை எதுவும் காட்டவில்லை. அவசரமும் இல்லை, அழுகையும் இல்லை. நாற்பது ஆண்டுகளாக அந்த அம்பாளுக்கு ஒவ்வொரு மாலையும் என்ன செய்தாரோ அதைத்தான் செய்தார். அதை ஒருநாளும் உட்கார்ந்து கேட்காதவன் நான்தான்! கணக்குப் புத்தகத்தோடு அந்த மண்டபத்தைக் கடந்து அலுவலக அறைக்குப் போனவன் நான்.

அலங்காரம் அன்று ஏனோ நேரமெடுத்தது. அவர் கண்கள் திரையை விட்டு அகலவில்லை. இராகத்தை மேலேயும் முடிக்காமல், கீழேயும் இறக்காமல், இதோ வருகிறாள், இதோ வருகிறாள் என்று சொல்லிக்கொண்டே இருந்தார். எனக்கு நெஞ்சு அடைத்தது. பினாங்கு வீதியில் கற்பூரத் தட்டுக்காகக் காத்து நின்ற அந்த ஒற்றைச் சுரம் நினைவுக்கு வந்தது. குருக்கள் திரையை விலக்கினார். அதே இமைப்பில் மேல் சட்சம்! தவில் பொழிந்தது. கற்பூர ஒளியில் அம்பாளின் முகம். பள்ளிக்கூடப் பிள்ளை தன்னையறியாமல் இரண்டு கைகளையும் தலைக்குமேல் தூக்கினாள்.

பூசை முடிந்ததும் அவர் நாதசுரத்தைத் துடைத்து, சீவாளிகளைச் சிறு டப்பாவில் போட்டு, உறையை இரு கையாலும் வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். நான் ஏதோ உளறினேன். திருப்பணி, செலவு, நிர்வாகத்தின் முடிவு என்றெல்லாம் சொன்னேன். அவர் சிரித்தார். "பரவாயில்லீங்க ஐயா. மெஷினுக்கு மூச்சு வாங்காது, காய்ச்சல் வராது. நல்லதுதான். ஆனா ஒண்ணு. திரை எப்ப விலகுதுன்னு அதுக்குத் தெரியாதுங்களே" என்றார்.

அன்றிரவே நிர்வாகத்தைக் கூட்டி, "தீர்மானத்தைத் திரும்பப் பெறுவோம்" என்று நான் சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. கணக்குச் சரியாக இருந்ததே என்று மனத்தைச் சமாதானப்படுத்திக்கொண்டேன். இயந்திரம் வந்தது. ஒரு நவராத்திரி நாளில், மண்டபம் நிறையக் கூட்டம் இருக்கும்போது, மகா தீபாராதனை நேரத்தில் மின்சாரம் தடைப்பட்டது. முரசும் நின்றது, ஒலிநாடாவும் நின்றது. இருட்டில் முந்நூறு பேர் வாய்மூடி நின்றோம். குருக்களின் கைமணி மட்டும் தனியாகக் கேட்டது. அந்தப் பெரியவர் அப்போது ஒரு வாகன நிறுத்துமிடத்தில் சீட்டு கிழித்துக்கொண்டிருந்தார். சில ஆண்டுகளில் காலமானார். அவருடைய தம்பி மகன் தவிலை விற்றுவிட்டு லாரி ஓட்டப் போய்விட்டார். கோபுரம் எழுந்தது. அழகான கோபுரம். அதன் கல்வெட்டில் என் பெயரும் இருக்கிறது. பார்க்கும்போதெல்லாம் தலை குனிந்துதான் கடந்து போகிறேன்.

எதற்குக் கொடுக்கிறோம்?

அன்பர்களே! பழங்கதை சொல்லி உங்கள் மனத்தைக் கனக்கச் செய்வது என் நோக்கமன்று. கொடுப்பவர்கள் கூடியிருக்கும் சபை இது. ஆகவே கொடுப்பதைப் பற்றியே பேசி முடிக்கிறேன்.

1010-இல் தஞ்சைப் பெரிய கோயிலைக் கட்டி முடித்த இராசராச சோழன் வானளாவ விமானம் எழுப்பியதோடு நின்றுவிடவில்லை. திருப்பதியம் பாட 48 பேரையும், அவர்களுக்கு உடுக்கை வாசிக்க ஒருவரையும், கொட்டி மத்தளம் வாசிக்க ஒருவரையும், ஆக 50 பேரை நியமித்தான். அவர்களுக்கு நெல் அளப்பதற்கு ஏற்பாடு செய்து கல்லில் வெட்டி வைத்தான். கல்லுக்குக் கொடுத்த அந்த மன்னன் குரலுக்கும் கொடுத்தான். நாமோ கோபுரத்திற்குக் கொடுக்கிறோம், தரைக்குப் பளிங்கு போடக் கொடுக்கிறோம், குளிர்சாதனத்திற்குக் கொடுக்கிறோம், ஒலிபெருக்கிக்குக் கொடுக்கிறோம். எல்லாம் நல்ல காரியங்களே. ஆனால் அந்த ஒலிபெருக்கியின் முன்னால் வாசிக்கப் போகிறவர் யார்?

நம் ஆலயங்கள் பலவற்றில் தமிழ்நாட்டிலிருந்து ஒப்பந்தத்தில் வரும் கலைஞர்கள் வாசிக்கிறார்கள். அவர்களுக்கு நாம் கடமைப்பட்டவர்கள். ஆனால் பெருந்தொற்றுக் காலத்தை நினைத்துப் பாருங்கள். 2020 மார்ச்சில் மூடப்பட்ட நாட்டின் எல்லைகள் 2022 ஏப்ரலில்தான் முழுமையாகத் திறந்தன. 2021 தைப்பூசத்தன்று தண்ணீர்மலைச் சாலையில் வழக்கமான கூட்டமில்லை, காவடியில்லை. அந்த அமைதியை நான் மறக்க மாட்டேன். வெளியூரிலிருந்து மூச்சுக்காற்றை வரவழைத்து எத்தனை நாள் வாழ முடியும்? இந்த மண்ணில் பிறந்த பிள்ளைகள் வாசித்தால்தானே இந்த மண்ணின் தெய்வங்கள் தடையின்றிப் புறப்படுவார்கள்?

"நம் பிள்ளைகள் படிப்பார்களா?" என்று கேட்பீர்கள். பரதநாட்டியத்தையும் கர்நாடக இசையையும் நம் பிள்ளைகள் இந்நாட்டில் விரும்பிக் கற்கிறார்கள். 1981-இல் கோலாலம்பூரில் தொடங்கிய நுண்கலைக் கோயில் போன்ற நிறுவனங்களே அதற்குச் சான்று. நாதசுரமும் தவிலும் மட்டும் ஏன் ஒதுங்கி நிற்க வேண்டும்? இது இன்ன குலத்தார் தொழில், இது ஆண்கள் கருவி என்ற பழைய எண்ணம் இன்னும் நம்மிடம் ஒட்டிக்கொண்டிருக்கிறது. மதுரை பொன்னுத்தாய் அம்மையார் ஒரு பெண்ணாக நின்று நாதசுரத்தில் கொடி நாட்டினார். இஸ்லாமியக் குடும்பத்தில் பிறந்த ஷேக் சின்ன மௌலானா அவர்கள் திருவரங்கத்தில் குடியேறி அரங்கனுக்கு நாதசுர சேவை செய்து, 1998-இல் சங்கீத கலாநிதி விருது பெற்றார். நாதத்திற்குச் சாதியும் இல்லை, பாலும் இல்லை, மதமும் இல்லை.

கருவியும் எட்டாக் கனியன்று. கும்பகோணத்திற்கு அருகிலுள்ள நரசிங்கம்பேட்டையில் ஆச்சா மரத்தில் கடைந்தெடுக்கும் நாதசுரத்திற்கு 2022-இல் புவிசார் குறியீடு கிடைத்திருக்கிறது. காவிரிப் பக்கத்து நாணலில்தான் சீவாளி செய்கிறார்கள். கருவியை வாங்கிவிடலாம். வாங்க முடியாதது ஒன்று உண்டு. கற்றுக்கொடுக்க ஓர் ஆசிரியர் பத்து ஆண்டுகள் ஓரிடத்தில் கவலையின்றி இருப்பது. கற்கும் பிள்ளைக்குப் பத்து ஆண்டுகளுக்குப் பிறகும் அந்தக் கலையால் சோறு கிடைக்கும் என்ற உறுதி இருப்பது. இந்த இரண்டையும் அறக்கொடை ஒன்றால்தான் தர முடியும்.

என் பங்குக்கு நான் செய்வது சிறியது. ஓய்வூதியத்தில் ஒரு பகுதியை ஓர் ஆசிரியருக்குக் கொடுத்து வருகிறேன். வாரம் இரண்டு நாள் நான்கு பிள்ளைகள் வருகிறார்கள். அவர்களில் என் பேத்தியும் ஒருத்தி. ஓராண்டு முழுவதும் ஊதி ஊதி அக்கம்பக்கத்தாரைப் படாதபாடு படுத்தினாள். பக்கத்து வீட்டுச் சீன அம்மையார், "உங்கள் வீட்டில் யானைக்குட்டி வளர்க்கிறீர்களா?" என்று கேட்டார். சென்ற நவராத்திரியில் ஒரு சிறு கோயிலில் எட்டு நிமிடம் வாசித்தாள். இரண்டு இடத்தில் சுருதி விலகியது. ஒரு இடத்தில் மூச்சு போதவில்லை. ஆனால் குருக்கள் திரையில் கை வைத்தபோது அவள் கண் திரையின்மேல் இருந்தது. நான் பார்த்தேன். விலகிய கணத்தில் மேல் சுரத்தைப் பிடித்தாள். சற்றுப் பிசிறுதான். ஆனாலும் பிடித்துவிட்டாள்!

அதை என் நான்காவது கச்சேரியாகச் சேர்க்கலாமா என்று யோசித்தேன். வேண்டாம் என்று விட்டுவிட்டேன். நான்காவது கச்சேரியை நீங்கள்தான் நடத்த வேண்டும். அடுத்த முறை ஆலயத்திற்கு நீங்கள் கொடுக்கும்போது, "இதில் ஒரு பங்கு, வாசிக்கக் கற்கும் ஒரு பிள்ளைக்கு" என்று ஒரு வரி எழுதிக் கொடுங்கள். கல்வெட்டில் உங்கள் பெயர் வராமல் போகலாம். ஆனால் இருபது ஆண்டுகள் கழித்து ஓர் இரவில், தூங்கி விழும் ஒரு சிறுவனின் தோளைத் தொட்டு ஒரு தகப்பன், "அசையாதே, கேளு" என்று சொல்வான். அந்தச் சுரத்தில் உங்கள் கொடை இருக்கும்.

அந்தப் பெரியவருக்கு நான் செலுத்தத் தவறிய கடனை உங்கள் முன்னிலையில் ஒப்புக்கொண்ட நிறைவோடு விடைபெறுகிறேன். தண்ணீர்மலை முருகன் திருவருள் நம் அனைவருக்கும் துணை நிற்பதாக!



திருச்சிற்றம்பலம்.